மர்யமின் அளவுப் பாவாடை

வேதாரண்யம்
8 செப்டம்பர் 2024

லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எவ்வளவு கோபம் இருந்தாலும் சலாம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது என்று அத்தா நம்மை வளர்த்துவிட்டார். அதனால் சொல்கிறேன்.

நீ பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சலை என் வீட்டுக்காரர் நேற்று போய் வாங்கி வந்தார். பிரித்தால் மயில்கழுத்து நிறத்தில் பட்டுத் துணி, ஒரு பழைய பாவாடை, போனிலிருந்து பிரிண்ட் எடுத்த ஒரு படம். அவ்வளவுதான். ஒரு வரி இல்லை. போன மாதம் என் நம்பரை பிளாக் செய்தாய். உன் மகள் மர்யமுக்குக் கல்யாண வலிமா விருந்துக்கு உடுப்பு தைக்க மட்டும் தங்கச்சி வேண்டும், பேச வேண்டாம். சரி, கடுதாசி போட்டால் அதை பிளாக் செய்ய முடியாதல்லவா? அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். மெர்மெய்ட் கட். இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும் தோலோடு தோலாக ஒட்டி, அதற்குக் கீழே மீன்வால் மாதிரி விரிகிறது. படத்தில் நிற்கிற பெண் ஆறடி இருப்பாள், இடுப்பும் தொடையும் ஒரே கோடு. மர்யம் அவளுடைய தோளுக்குக் கூட வரமாட்டாள். அவளுக்கு அந்த வெட்டு போட்டால் மேடைப் படி ஏற இரண்டு பேர் தூக்க வேண்டும். மேடையில் போய் உட்காரவும் முடியாது. ஆண்டவனே, வலிமாவுக்கு வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்க வருகிறார்களா, கருவாடு கட்டியிருப்பதைப் பார்க்க வருகிறார்களா?

அடுத்தது அந்த அளவுப் பாவாடை. வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருப்பார்கள். என்னிடமே அனுப்பினாயே! இது நான் தைத்தது, லாத்தா. மர்யம் பன்னிரண்டாவது முடித்தபோது பள்ளிக்கூட வழியனுப்பு விழாவுக்கு என் கையால் தைத்துக் கொடுத்தேன். அப்போது அவளுக்குப் பதினேழு வயசு. இப்போது எம்.எஸ்சி. முடித்துவிட்டாள். அந்தப் பிள்ளை ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இங்கே வந்திருந்தபோது நான் பார்த்தேனே, இந்தப் பாவாடை அவள் முட்டிக்கு மேலேயே ஏறாது. பீரோவில் கை மாறி எடுத்துவிட்டாயா? சரியான அளவை அனுப்பு. அது வரும்வரை துணியில் கத்திரி வைக்க மாட்டேன்.

நஜ்மா

*

தஞ்சாவூர்
11 செப்டம்பர் 2024

நஜ்மா,

வ அலைக்கும் ஸலாம்.

கை மாறி எடுக்கவில்லை. தெரிந்துதான் எடுத்தேன். அதுதான் அளவு. அந்த அளவுக்குத்தான் தைக்க வேண்டும்.

வலிமா டிசம்பரில். மூன்று மாதம் இருக்கிறது. மர்யம் இளைத்துக்கொண்டு வருகிறாள். காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, சாயங்காலம் பெரிய கோயில் வரைக்கும் நடை, ராத்திரிக்கு வெள்ளரிக்காய். டிசம்பருக்குள் பழைய பாவாடைக்குள் வந்துவிடுவாள். பாவாடை தைத்துத் தயாராகத் தொங்கினால்தான் பிள்ளைக்கும் ஒரு வைராக்கியம் வரும். உனக்கு இது புரியாது. நீ சாப்பிட்டாலும் ஒட்டாது, சாப்பிடாவிட்டாலும் ஒட்டாது.

என்ன அவசரம் என்று கேட்பாய். மாப்பிள்ளை ஃபாஜிலின் அம்மா நிச்சயத்தன்று என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியுமா? நீ அப்போது சமையல்கட்டில் இருந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எம் மவன் ஒல்லி, உங்க பொண்ணு பக்கத்துல நின்னா இன்னும் ஒல்லியா தெரிவான்" என்றார். மாப்பிள்ளை வீட்டு நீடாமங்கலத்துக்காரர்கள் கூடம் முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவர்கள் கிளம்பிப் போன பிறகு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டிக்கொண்டு போன பிறகு அந்த வீட்டில் தினமும் இப்படிச் சிரிப்பார்கள் என்றால் என் பிள்ளை என்ன செய்வாள்? அவள் அத்தா மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் சரியாகிவிடும் என்று போனில் சொல்கிறார். நான்தானே இங்கே எல்லாரையும் சமாளிக்க வேண்டும்?

நான் பிளாக் செய்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஏன் செய்தேன் என்று எழுத வேண்டியதுதானே? குடும்ப குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டு, நல்லா இருக்கா என்றுதான் கேட்டேன். "மர்யமுக்கு இடுப்பு பெரிசு, இந்த மாடல் அதை இன்னும் எடுத்துக் காட்டும்" என்று நீ பதில் போட்டாய். நாற்பது பேர் இருக்கிற குரூப். கொழும்பிலிருக்கும் மாமா வரைக்கும் படித்தார். மர்யமும் அதில் இருக்கிறாள். நான் கொள்ளுக் கஞ்சி போடுவதைக் குறை சொல்லுமுன் நீ போட்டதை யோசித்துப் பார்.

இன்னொன்று. நான் ஒன்றும் தெரியாமல் இறங்கவில்லை. வீடியோவில் எல்லாம் விளக்கமாகச் சொல்கிறார்கள். மர்யம் பேரிக்காய் வடிவம். மேலே சிறுத்து, கீழே அகலம். ஆப்பிள் வடிவம், மணல்கடிகார வடிவம் என்று வேறு வேறு இருக்கிறது. பேரிக்காயை மணல்கடிகாரமாகக் காட்டுவதற்குத்தான் மெர்மெய்ட் கட். நீ அதையும் கொஞ்சம் பார்.

சஃபியா

*

வேதாரண்யம்
15 செப்டம்பர் 2024

லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷினை நிறுத்தி வைத்துவிட்டேன். தைத்தால் கையில் ஊசி ஏறிவிடும் போலிருந்தது.

பெற்ற பிள்ளையைப் பழக்கடையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய். பேரிக்காயாம்! என்னிடம் தைக்க வருகிறவர்களில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், டீச்சர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். ஒருத்தி மாதிரி ஒருத்தி இல்லை. பழத்தின் பெயர் சொல்லி ஒருத்தியையும் நான் அளந்ததில்லை. இடுப்பு அகலமா, இடுப்புப் பட்டிக்குக் கீழே சுருக்கே வைக்காமல் ஒரு சாண் தட்டையாக விட்டு, அதற்கப்புறம் மேலே சிறுத்துக் கீழே அகலும் துண்டுகளைச் சேர்த்துக் கலி கலியாக விரித்துவிட வேண்டும். துணி இடுப்பைத் தொட்டும் தொடாமலும் வழுக்கி இறங்கும். வயிறு தள்ளியிருக்கிறதா, முன்னால் மடிப்பு வேண்டாம், ஜிப்பைப் பக்கவாட்டில் வை. உயரம் கம்மியா, அகல பார்டர் வைத்து ஆளை இரண்டாக வெட்டாதே, மெல்லிசாக வை. குச்சி மாதிரி இருக்கிறாளா, அவளுக்குத்தான் சுருக்கு, அவளுக்குத்தான் உள்ளே வலைத்துணி. இதற்கு வீடியோ வேண்டாம், கண் இருந்தால் போதும்.

மர்யமுக்கு அந்தக் கலிப் பாவாடைதான். மீன்வால் என் கையால் வராது.

குச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் குச்சியாக இருக்கிறேன் என்று நீ எனக்கு உள்ளே இரண்டு உள்பாவாடை கட்டிவிட்டாய். அதற்கு மேல் சுருக்கு வைத்த பட்டுப் பாவாடை. நான் மூச்சுவிட முடியாமல் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் மாமி என்ன கேட்டார் தெரியுமா? ஊர்ப் பெண்களை எல்லாம் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு நாங்க பார்த்த பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டார். பதினெட்டு வருஷம் ஆகிறது. இப்போதும் பெருநாளைக்குப் புதுப் பாவாடை போட்டால் எனக்கு அது காதில் விழும். நீ நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும். இப்போதும் நல்லதுக்குத்தான் செய்கிறாய், அதுவும் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

குரூப்பில் போட்டது தப்பு. மர்யம் படிப்பாள் என்று யோசிக்காமல் போட்டுவிட்டேன். ஆனால் நீ அதற்காகப் பிள்ளைக்கு வெள்ளரிக்காய் போடாதே.

அளவு நீ சொன்னபடியே இருக்கட்டும். போதுமா? இனி அதைப் பற்றிப் பேசவில்லை.

நஜ்மா

*

தஞ்சாவூர்
2 அக்டோபர் 2024

அன்புள்ள நஜ்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றைக்கு உன்னோடு எனக்குச் சண்டை இல்லை!

நீ தைத்த பாவாடை வந்தது, பழைய அளவுப் பாவாடையும் கூடவே வந்தது. மர்யம் கல்லூரித் தோழி வீட்டிலிருந்து வந்ததும் வராததுமாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் மாட்டேன் என்று மூலையில் நின்றாள். அதட்டிப் போட வைத்தேன். அல்ஹம்துலில்லாஹ், கண்ணே பட்டுவிடும். ஜிப் ஒரே இழுப்பில் ஏறியது. இடுப்பில் பிடிக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. நீ சொன்ன அந்தத் தட்டை வெட்டும் கலியும் நன்றாகத்தான் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொன்னதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். பதினேழு வயசு அளவு! மூன்று வாரக் கொள்ளுக் கஞ்சி! முட்டிக்கு மேலே ஏறாது என்றாயே? நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அவள் அத்தாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை.

மூன்று வாரத்தில் இவ்வளவு என்றால் இன்னும் இரண்டு மாதத்தில் என்ன ஆகும், நீயே கணக்குப் போடு. அதனால் மூன்று காரியம் செய்திருக்கிறேன். மத்தியானச் சோற்றையும் நிறுத்திவிட்டேன், ஒரு டம்ளர் மோர் போதும். அந்தப் பழைய அளவுப் பாவாடையை இங்கே கீழவாசலில் ஒரு தையல் கடையில் கொடுத்து, மருதாணி அன்று போட அதே அளவில் வேறு துணியில் மெர்மெய்ட் கட்டே தைக்கச் சொல்லிவிட்டேன். நீ தைக்க மாட்டேன் என்றால் ஊரில் வேறு ஆளே இல்லையா? மூன்றாவது, நீ தைத்த பாவாடையை இதோடு அனுப்புகிறேன். இடுப்பில் இரண்டு இன்ச் பிடித்து அனுப்பு. டிசம்பரில் அது லூசாகிவிடும்.

முகம் கொஞ்சம் வாடித்தான் இருக்கிறது. பவுடர் போட்டால் சரியாகிவிடும்.

சஃபியா

*

வேதாரண்யம்
4 அக்டோபர் 2024

லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கையில் இருக்கிறது. தலையில் அடித்துக்கொள்வதா, உன்னை வந்து அடிப்பதா என்று தெரியவில்லை.

அந்தப் பாவாடை பதினேழு வயசு அளவு இல்லை. நான் உன் அளவுப் பாவாடையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, பெருநாளைக்குப் பார்த்த மர்யமை மனசில் வைத்து வெட்டினேன். இடுப்பில் மட்டும் நாலு இன்ச் கூட. அதனால்தான் ஜிப் ஒரே இழுப்பில் ஏறியது. நம்பாவிட்டால் கீழவாசல் கடையிலிருந்து பழையதை வாங்கி, இதற்கு மேலே விரித்துப் பார். கொள்ளுக் கஞ்சியால் ஒன்றும் ஆகவில்லை, என் கத்திரிக்கோலால் ஆனது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேள். அளவு பொருந்திவிட்டது என்று பார்த்தால் நீ நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். போதும், இனி சாப்பிடட்டும் என்று விடுவாய் என்று நினைத்தேன். உன்னோடு கூடப் பிறந்து வளர்ந்தும் உன்னைத் தெரியாமல் போய்விட்டதே எனக்கு! பொருந்திவிட்டது என்றதும் மத்தியானச் சோற்றையும் பிடுங்கிவிட்டாய். பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று நான் போட்ட கத்திரி, அவள் தட்டில்தான் விழுந்தது. இதை நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

பாவாடையை ஒரு தையல்கூடப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு இன்ச் பிடிக்க மாட்டேன். மர்யம் பேச்சு வராமல் நின்றாள் என்று எழுதியிருக்கிறாய். அது சந்தோஷமா என்று அவளைக் கேட்டாயா?

இன்றைக்கே சோறு போடு. மீன் குழம்பு வை. அவளுக்குப் பிடிக்கும்.

நஜ்மா

*

தஞ்சாவூர்
6 அக்டோபர் 2024

நஜ்மா,

விரித்துப் பார்த்தேன். நாலு இன்ச் இல்லை, நாலரை.

என்னை முட்டாளாக்கிவிட்டாய். மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டுப் பிள்ளை இளைத்துவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் எதிரில் நிற்பேன்? என் பிள்ளை விஷயத்தில் என்னிடம் பொய் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? உள்பாவாடை கட்டிவிட்டேன் என்று பதினெட்டு வருஷமாக மனசில் வைத்திருந்தாயே, இப்போது நீ செய்தது என்ன? அதே வேலைதான்.

மிச்சத் துணியை அனுப்பிவிடு. மீதி எல்லாம் கீழவாசலிலேயே தைத்துக்கொள்கிறேன். மீன்வாலைப் போட்டுப் பார்க்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நாள் இருக்கிறது. அவள் அந்த அளவுக்கு வருவாள். நான் வரவைப்பேன்.

பதில் எழுத வேண்டாம்.

சஃபியா

*

வேதாரண்யம்
13 அக்டோபர் 2024

லாத்தா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

மச்சான் மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். தையல் கடையில் வைத்து மர்யம் விழுந்துவிட்டாளாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாயாம். அதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியவில்லை, அழுகிறார். என் போன் உனக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் போனிலிருந்து அடித்தேன், நீ எடுக்கவில்லை. நானே கிளம்பி வந்திருப்பேன். நீ வாசலில் வைத்துத் திட்டினால் அந்தப் பிள்ளைக்கு அதுவும் சேர்ந்துகொள்ளுமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னது உண்மைதான். நான் செய்ததும் அதே வேலைதான். உன்னிடம் நேராகச் சண்டை போட்டிருக்க வேண்டும். துணியை வைத்து ஏமாற்றியிருக்கக் கூடாது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மர்யம் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது.

மிச்சத் துணி இதோடு இருக்கிறது.

நஜ்மா

*

தஞ்சாவூர்
17 அக்டோபர் 2024

நஜ்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். மர்யம் வீட்டுக்கு வந்துவிட்டாள். எழுந்து நடக்கிறாள். பயப்படாதே.

போனில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைக்குப் போனோம். மீன்வால் பாவாடை முட்டி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நானும் கடைக்காரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். வயிற்றை உள்ளே இழுத்துக்கோ என்று நான்தான் சொன்னேன். இழுத்தாள். ஜிப் பாதிவரை ஏறியது. இன்னும் கொஞ்சம் என்றேன். அப்புறம் அவள் என் மேலேயே சாய்ந்தாள். கீழே படுக்க வைக்கக்கூட முடியவில்லை, கால் மடங்கவில்லை. கடைக்காரம்மா கத்திரியை எடுத்துப் பாவாடையை வெட்டித்தான் காலைப் பிரித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மர்யமிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். முந்தாநாள் என்ன என்று கேட்டார். அதற்கும் நானே சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். உள்ளே இவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அத்தாவிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். நீ தைத்தது பெரிசு என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியுமாம். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தாங்க, எப்படிச் சொல்வது என்றாள்.

சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெரிய அடுக்கில் சோறும் கறியும் கொண்டுவந்தார். தன் மகன் ஒல்லி என்று அவர் சொன்னதை நான் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது அவருக்கு ஞாபகம்கூட இல்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று மர்யமை நானே அளக்கலாம் என்று டேப்பை எடுத்தேன். இத்தனை கூத்துக்கும் நடுவில் நான் அவளை ஒருமுறைகூட அளக்கவில்லை, நஜ்மா. பழைய பாவாடையைத்தான் எல்லாரிடமும் நீட்டிக்கொண்டிருந்தேன். டேப்பை இடுப்பில் சுற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். மூச்சை விடும்மா, அம்மாதானே என்றேன். விடவில்லை. முகம் சிவந்துபோனது. மறுபடியும் சொன்னேன்.

"விட்டா கூடிடும்மா" என்றாள்.

டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அதனால் அவளையே உன்னிடம் அனுப்புகிறேன், நீ தைத்த பாவாடையும் மிச்சத் துணியும் அவளிடம் இருக்கும். சனிக்கிழமை காலைப் பஸ், என் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா கூட வருகிறார். பஸ் ஸ்டாண்டுக்கு உன் வீட்டுக்காரர் வந்தால் போதும். உன் நம்பரைத் திறந்துவிட்டிருக்கிறேன், போய்ச் சேர்ந்ததும் போன் செய். வலிமாவுக்கு என்ன மாடல் வேண்டும் என்று அவளையே கேள். நானும் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. கலியோ குடைப் பாவாடையோ, அவள் சொல்வதைத் தை. கையில் துணி வைத்துக்கொண்டு கேட்காதே, சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது கேள்.

இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட வை. அப்புறம் அள. மூச்சைப் பிடித்தால் டேப்பைக் கீழே வைத்துவிட்டு எதையாவது சொல்லிச் சிரிக்க வை, சிரித்தால் விட்டுவிடுவாள். உனக்கு அது வரும், எனக்கு வரவில்லை. என்ன எண் வருகிறதோ அதற்கே வெட்டு.

அந்த எண்ணை எனக்கு மட்டும் சொல்லாதே.

சஃபியா